தூர் திரும்பிய பலா: புயலில் சாய்ந்த மரத்தை அறுக்கும்போது நடந்த ஒரு விபத்தின் நிகழ்வு ஆய்வு

வாள் பாதி மரம் இறங்கியபோது வெட்டு மேல்பக்கம் வாய் பிளந்தது. ஒரு விரல் நுழையும் அளவு. பவர் சா மிஷின் பிடித்திருந்த தம்பிக்கு அதில் சந்தோஷம். பார், அதாவது செயின் ஓடும் தகடு, இறுகிச் சிக்காமல் வேலை லேசாகப் போகிறதே என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பத்தடி தள்ளி நின்ற நானும் தலையாட்டினேன். அடுத்த சில நொடிகளில், சுவர்போல நிமிர்ந்து நின்ற தூர், அதாவது வேரோடு பெயர்ந்த மரத்தின் அடிப்பகுதி, மண்ணோடு புரண்டு, தான் பெயர்ந்து வந்த குழிக்கே திரும்பப் போய் உட்கார்ந்தது. குழிக்குள் எங்கள் ஆள் ஒருவர் நின்றிருந்தார்.

அவர் பிழைத்தார். அன்று அங்கே என்ன நடந்தது, ஏன் நடந்தது, எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்பதை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். குழுவை நடத்தியவன் நான். பொறுப்பும் என்னுடையது. மரம் அறுக்கிறவர்களும் தோப்பு வைத்திருக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாளும் இடமும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 பின்னிரவில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று கடலோரத்தோடு நிற்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று நெடுக வந்து புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வரைக்கும் தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. விடிந்தபோது பல ஊர்களில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகவே மரத்தை அறுத்துத்தான் போக வேண்டியிருந்தது. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை, பெட்ரோல் பங்க் வரை போக ரோடு இல்லை.

எங்கள் குழுவில் நான்கு பேர். இரண்டு பவர் சா, பாரம் இழுக்கும் சங்கிலிக் கப்பியான செயின் புளாக் ஒன்று, நைலான் வடம், கோடாலி, அரிவாள். நான் இந்த வேலைக்கு வந்தது தைலமரக் கூப்பில், மரத்தை மொத்தமாக வெட்டும் காட்டில். புயல் மரத்தை முதலில் தொட்டது 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு, கடலூர்ப் பக்கம். பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்ததை இருபது நாள் தங்கி அறுத்தோம். அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததை நான் எங்கள் திறமை என்று எடுத்துக்கொண்டேன். இன்று யோசித்தால், அங்கே பெரும்பாலான மரங்களை ஜேசிபி முன்னால் நின்று அமுக்கிக்கொடுத்தது. அதன் பிறகுதான் நாங்கள் அறுத்தோம். வேலையின் ஆபத்தான பாதியை வண்டி செய்து கொடுத்ததை நான் கவனிக்கவே இல்லை.

கஜாவுக்குப் பிறகு முதல் இரண்டு நாள் ரோட்டு வேலை. அடுத்த மூன்று நாள் தென்னை. நான் பிறகு புரிந்துகொண்ட முதல் காரணம் இந்தத் தென்னையில்தான் இருக்கிறது.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சுண்டுவிரல் கனத்தில் ஆயிரக்கணக்கான நார்வேர்கள்தான். காற்றில் சாயும்போது அவை அறுந்துவிடும். மரம் ஒரு சின்ன உருண்டைத் தூரோடு, பிடுங்கிய முளைக்குச்சிபோலக் கிடக்கும். அடியில் அறுத்தால் தூர் லேசாக ஆடும், அவ்வளவுதான். மூன்று நாளில் நூற்றுக்கும் மேலே தென்னை அறுத்தோம். எந்தத் தூரும் எங்களை மிரட்டவில்லை. அறுப்புக்காரர் தூரைப் பார்க்கிற பழக்கமே விட்டுப் போனது. கண் முழுக்கச் செயினில்தான், ஏனென்றால் தென்னையின் புறநாரில் மணல் ஏறியிருந்தால் அரைமணிக்கு ஒருதடவை அரம் போட வேண்டும். ஆறாவது நாள் காலை அதே கையோடும் அதே கண்ணோடும் பலாவுக்குப் போனோம்.

அந்த மரம்

கீரமங்கலத்தை ஒட்டிய ஓர் ஊரில், கொல்லைக்குள் நின்ற பலா. தோப்புக்காரரின் அப்பா வைத்தது. அடிச்சுற்றளவு 5 அடி. முதல் கவட்டை 13 அடி உயரத்தில். அதுவரை கோணல் இல்லாத நேர்மரம். காற்று அதைக் கிழக்கே தூரும் மேற்கே தலையுமாகச் சாய்த்திருந்தது. தூர் 10 அடி அகலத்துக்கு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு நெட்டுக்குத்தாக நின்றது. அதன் பின்னால் இடுப்பளவுக் குழி.

பலா மரம் எங்கள் பக்கம் காசு. மஞ்சள் வைரம் பாய்ந்த பலா நிலைக்கும் கதவுக்கும் போகும். தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடைவதும் பலாவில்தான். தோப்புக்காரருக்கு அந்த மரத்தில் விலையைவிட அதிகமாக வேறொன்றும் இருந்தது.

"தம்பி, தூரை ஒட்டி எடுங்க. எங்கப்பா வச்ச மரம். மக வீட்டுக்கு நிலை போடணும். ஒரு அடிகூட வீணாப் போகக் கூடாது" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தென்னை அத்தனையும் போய்விட்டது. அரசு அறிவித்த நிவாரணம் தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. முப்பது வருஷம் காய்க்கிற மரத்துக்கு அது எம்மாத்திரம். மிஞ்சியது இந்தப் பலாதான். தூரை ஒட்டி அறுத்தால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது நான். நான் சொல்லவில்லை, "சரிங்கண்ணே" என்றேன்.

அவர் இன்னொன்றும் கேட்டார். போர்வெல்லிலிருந்து தோப்புக்குப் போகும் இரண்டு அங்குல பிவிசி குழாய் பலாவின் வேருக்கடியில் ஓடியிருந்தது. மரம் சாய்ந்தபோது வேர் அதையும் தூக்கிக்கொண்டு வந்து, குழியின் பின்பக்கம் வளைத்துப் பிடித்திருந்தது. "அந்தக் குழாய் உடையாம வந்தா, மோட்டாரை ஜெனரேட்டர்ல ஓட்டித் தண்ணி பாய்ச்சிக்குவேன். நட்ட கன்னு காயுது" என்றார்.

யார் எங்கே நின்றார்கள்

காலை 9 மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் தலைப்பக்கத்துக் கிளைகளை எல்லாம் கழித்தோம். ஊர்ப் பெண்கள் தழையை ஆட்டுக்கு எடுத்துப் போனார்கள். 11 மணிக்கு அடிமரம் மட்டும் கிடந்தது. கிளை கழிக்கிற வரைக்கும் எல்லோரும் ஒரே பக்கம் வேலை செய்ததால், யார் எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகுதான் வேலை இரண்டாகப் பிரிந்தது. மிஷின் தம்பி தூரிலிருந்து இரண்டடி விட்டு அடிமரத்தை அறுக்கத் தயாரானார். வயது 24, கை சுத்தம், அவசரக்காரர் இல்லை. இன்னொருவர் தலைப்பக்கம் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய எங்கள் அண்ணன், குழுவிலேயே மூத்தவர், ஆக்சா பிளேடும் அரிவாளும் எடுத்துக்கொண்டு குழாயை விடுவிக்கக் குழிக்குள் இறங்கினார். இறங்கும்போது என்னிடம், "தம்பி, நான் பின்னாடி பைப்பைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்டேன். மிஷின் தம்பி கேட்கவில்லை. அவர் மிஷினைப் போட்டிருந்தார்.

அறுக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தூர் ஒரு மண்சுவர். ஆள் உயரத்துக்கு மேல். பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியாது. பின்னால் நிற்பவருக்கும் முன்னால் மிஷின் எந்த இடத்தில் ஓடுகிறது என்று தெரியாது. தலைப்பக்கமும் ஒரு மிஷின் ஓடியதால் அண்ணனுக்கு எல்லாம் ஒரே சத்தம்.

தூர் திரும்பியது 11:20 வாக்கில். அண்ணன் அந்தக் கணத்தில் அறுத்து முடித்த குழாயை மேலே போட ஒரு காலைக் கரையில் ஊன்றியிருந்தார். மண் உதிர்கிற சத்தம் கேட்டு முன்னால் பாய்ந்திருக்கிறார். உடம்பு தப்பியது. இடது கால், முழங்காலுக்குக் கீழே, தூரின் விளிம்புக்கும் குழியின் கரைக்கும் நடுவே மாட்டியது. முந்தைய நாள்களின் ஈரத்தில் மண் சேறாக இருந்தது. கால் அதில் புதைந்தது. கட்டாந்தரையாக இருந்திருந்தால் அந்தக் கால் இருந்திருக்காது.

மிஷின் தம்பி பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டடி மொட்டைக்கட்டை தூரோடு சேர்ந்து மேலே எழும்பியபோது பாரைத் தட்டிவிட்டது. மிஷின் கையிலிருந்து பறந்து ஐந்தடி தள்ளி விழுந்தது. செயின் பிரேக் பிடித்துவிட்டது. அவர் மரத்தின் மேல் ஒரு காலை வைத்து நின்றிருந்தால் அந்தக் கட்டை அவரையும் தூக்கி எறிந்திருக்கும்.

முப்பத்தைந்து நிமிஷம்

ஓடி வந்தவர்கள் அண்ணனைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். இழுக்க விடவில்லை. அன்று நான் சரியாகச் செய்த ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று. தூர் முழுதாக உட்காரவில்லை, ஒரு பக்கம் இரண்டு வேரில் தாங்கி நின்றது. இன்னும் ஒரு சாண் இறங்க இடம் இருந்தது. முதலில் தென்னை உருளைத் துண்டுகளை விளிம்புக்கு அடியில் கொடுத்து, ஆப்பு அடித்து நிறுத்தினோம். அதன் பிறகு பக்கவாட்டிலிருந்து மண்வெட்டியால் மண்ணைத் தோண்டி, காலைச் சுற்றிக் கையால் வழித்து எடுத்தோம்.

ரோடு சுத்தம் செய்துகொண்டிருந்த ஜேசிபிக்கு ஒரு பையன் பைக்கில் போனான். வண்டி வருவதற்குள் கால் வெளியே வந்துவிட்டது. 108-க்குக் கூப்பிட டவர் இல்லை. தென்னை மட்டை இரண்டைக் காலின் இருபக்கமும் வைத்து, துண்டைக் கிழித்துக் கட்டி, கதவுப் பலகை ஒன்றில் படுக்கவைத்து டாடா ஏஸில் ஏற்றினோம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. தோல் பெரிதாகக் கிழியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "எவ்வளவு நேரம் மாட்டியிருந்தார்?" என்றுதான். நான் வாட்சைப் பார்த்திருந்ததால் சொல்ல முடிந்தது. நெடுநேரம் நசுங்கிக் கிடந்த சதையை விடுவித்ததும் அதிலிருக்கும் நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும் என்று அவர் விளக்கினார். அதனால் ஆள் நன்றாகப் பேசுகிறார், எழுந்து உட்காருகிறார் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது. மாட்டிய நேரத்தையும் விடுவித்த நேரத்தையும் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தூர் ஏன் திரும்பியது

பழைய ஏற்றத்தின் துலாவை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கல், மறுமுனையில் சால். சாலை அவிழ்த்துவிட்டால் கல் கட்டிய முனை தரைக்குப் போகும். சாய்ந்த மரமும் அப்படித்தான். ஒரு முனையில் மண்ணோடு பெயர்ந்த தூர், மறுமுனையில் அடிமரமும் தலையும்.

எங்கள் பலாவின் தூர் 10 அடி அகலம், ஒன்றரை அடி கனம். அந்த அளவு ஈர மண் ஐந்து டன்னுக்குக் குறையாது. அதோடு கீழ்ப்பக்கத்து வேர்கள், அதாவது மரம் சாய்ந்த திசையில் இருக்கும் வேர்கள், அறுவதில்லை. கீல்போல மடங்கி, முறுக்கிய வில்லாக நிற்கும். மேல்பக்கத்து வேர்கள்தான் அறுந்து அந்தரத்தில் தெரியும். நாம் பார்ப்பது அறுந்த வேரை. நம்மை அடிப்பது அறாத வேர். தென்னையில் இந்தக் கீல் இல்லை. பலா, புளி, வேம்பு, மா, தூங்குமூஞ்சி எல்லாவற்றிலும் உண்டு.

தூரைத் திரும்பவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது எதிர்முனைப் பாரம் ஒன்றுதான். அதை நாங்களே காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தோம். முதலில் தலை போனது. அடிமரம் மட்டும் அரை டன்னுக்குமேல் இருந்ததால் தூர் அதுவரை அடங்கி நின்றது. அடிமரத்தையும் இரண்டடியில் அறுத்ததும் தூரின் பக்கம் மிஞ்சியது ஒரு மொட்டைக்கட்டை. தோப்புக்காரர் கேட்டபடி தூரை ஒட்டி அறுத்தோம் இல்லையா, அதனால் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் போனது.

அந்த வாய் பிளந்த வெட்டுக்கு வருகிறேன். எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது அதுதான். ஒரு பச்சைக் குச்சியை முழங்காலில் வைத்து வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். இழுபட்ட பக்கம் கத்தி வைத்தால் பட்டென்று பிளக்கும். அமுங்கிய பக்கம் வைத்தால் கத்தியைக் கவ்வும். கிடக்கிற மரத்திலும் இதே கணக்கு. இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கினால், மேல்பக்கம் அமுங்கியிருக்கும். மேலிருந்து அறுத்தால் பாரைக் கவ்வும். அன்று வெட்டு கவ்வவில்லை, திறந்தது. தூர் கீழே இறங்கப் பார்க்கிறது, அடிமரத்தைத் தூக்கப் பார்க்கிறது, மரத்தின் மேல்பக்கம் இழுபட்டு நிற்கிறது என்று அர்த்தம். மிஷினை நிறுத்த அங்கே சில நொடிகள் இருந்தன. எப்போதும் பாரைக் கவ்வும் மரங்களோடு சண்டை போட்டவர்கள் என்பதால், திறக்கிற வெட்டை நாங்கள் உதவி என்று நினைத்தோம்.

இன்னொரு காரணத்தை அண்ணனே சொன்னார், மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது. "தம்பி, நான் உங்கிட்ட சொன்னேன். அவன்கிட்ட சொல்லலை. மிஷின் வச்சிருக்கிறவன்கிட்டல்ல சொல்லணும்." அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் என்னிடம் சொன்னது அவனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் நான் நகர்ந்து போய் அவன் தோளைத் தட்டியிருக்க வேண்டும். நான் இருந்த இடத்திலேயே நின்றேன்.

இப்போது எப்படிச் செய்கிறோம்

சாய்ந்த மரத்துக்குப் போனதும் மிஷினை இறக்குவதில்லை. முதலில் வெறுங்கையோடு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், தூருக்குப் பின்னாலும் சேர்த்து. கீழ்வேர் அறுந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா, தூர் நெட்டுக்குத்தாக நிற்கிறதா, முன்னால் கவிழப் பார்க்கிறதா, அடிமரத்துக்குக் கீழே எங்கே தாங்கல், எங்கே வெற்றிடம். கிளை ஏதாவது வில்லாக வளைந்து தரையில் குத்தி நிற்கிறதா. கையளவுக் கனமுள்ள வளைந்த கிளை அறுத்ததும் நிமிர்ந்து முகத்தில் அடித்தால் போதும், கண் போய்விடும். மின்கம்பி மரத்தில் பட்டிருந்தால், மின்வாரிய ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லும் வரை தொடுவதே இல்லை. ஊரில் கரண்ட் இல்லாவிட்டாலும் யார் வீட்டு ஜெனரேட்டர் எந்தப் பக்கம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று தெரியாது.

தூரைப் பிடிக்காமல் அடியறுப்பு கிடையாது. ஜேசிபி கிடைத்தால் பக்கெட்டை அடிமரத்தின் மேல், தூரை ஒட்டி வைத்து அமுக்கச் சொல்வோம். அறுத்து முடித்து ஆட்கள் விலகிய பிறகு, ஆபரேட்டர் மெதுவாக பக்கெட்டைத் தூக்குவார். தூர் தன் பாட்டுக்குக் குழியில் இறங்கும். ஜேசிபி இல்லையென்றால் அடிமரத்தில், வெட்டுக்குத் தூர்ப்பக்கமாக, இரும்பு வடம் சுற்றி, உறுதியான வேறொரு மரத்தின் அடியில் செயின் புளாக் போட்டு இறுக்குவோம். நைலான் வடத்தை இதற்கு நம்புவதில்லை. அது நீளும். அறுந்தால் சாட்டையாக அடிக்கும். வடம் எதுவானாலும் அது இழுபடும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

தூரில் விடும் கட்டை, தூரின் அகலத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. 10 அடித் தூர் என்றால் 5 அடி. தூர் பின்னால் போகாமல் முன்னால் கவிழ்ந்தாலும் அந்தக் கட்டை முட்டுக்கொடுக்கும். தோப்புக்காரர் நீளம் கேட்டால், தூர் குழியில் அசையாமல் உட்கார்ந்த பிறகு மிச்சத்தை நின்றமரம்போல அறுத்துத் தருகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஓர் அடிகூட வீணாகாது, கூலி மட்டும் அரைநாள் கூடும். இதை அன்றே சொல்லியிருந்தால் அந்த அண்ணாச்சி மறுத்திருக்க மாட்டார். விபத்துக்குப் பிறகு அவர்தான் எங்களைவிட அதிகமாக அழுதார்.

வெட்டும் முறையும் மாறிவிட்டது. அமுங்கிய பக்கம் முதலில், கனத்தில் கால் பங்கு. மிஷின் கவ்வப் போகிறது என்று தோன்றும்போதே எடுத்துவிட வேண்டும். பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து, முதல் வெட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி. அவசரமில்லாமல், கொஞ்சம் இறக்கி, நிறுத்தி, வெட்டைப் பார்த்து, மறுபடி இறக்கி. திறக்கிறதா, மூடுகிறதா, நார் கிழியும் சத்தம் வருகிறதா. நிற்பது மரத்தின் பக்கவாட்டில், மேட்டுப் பக்கம். மரத்தின் மேல் ஏறி நின்று அடியறுப்பது எங்கள் குழுவில் தடை. கிளை கழிக்கும்போதே எதிர்முனைப் பாரம் குறைந்து, தூர் திடீரென்று திரும்பி, மரம் நிமிரலாம். மேலே நிற்கிறவர் கவண்கல்போலப் பறப்பார்.

மிஷினைப் பற்றி ஒன்றே ஒன்று. புயல் அடித்த வாரத்தில் புதிதாக மிஷின் வாங்கி வேலைக்கு இறங்கும் பையன்களைப் பார்க்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் பிரேக்கைத் தள்ளிப் பாருங்கள். செயின் அந்தக் கணமே நிற்கவில்லை என்றால் அன்றைக்கு அந்த மிஷின் வேண்டாம். பாரின் மூக்கில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் திரும்பி எகிறும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது பிரேக்கும், கட்டைவிரலை முன்பிடியில் சுற்றிப் பிடித்த கையும்தான். கைலியைக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு பிடிக்காதீர்கள். செயின் வெட்டாத கால்சட்டை விலை அதிகம்தான். எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது. மிஷின் பிடிக்கும் இருவருக்கு அது போதும்.

சத்தத்துக்கு விசில். மிஷின் ஓடும்போது வாயால் கத்துவது கேட்காது. அதனால் அடியறுப்பின்போது இன்னொரு மிஷின் ஓடக் கூடாது, ஒருவர் தூரையும் அறுப்பவரையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் வேறு வேலை இல்லாமல் நிற்க வேண்டும். அவர் விசில் ஊதினால் காரணம் கேட்காமல் மிஷினை அணைக்க வேண்டும். நாலு பேர் குழுவில் ஒருவரைச் சும்மா நிறுத்துவது கூலிக் கணக்கில் நஷ்டமாகத் தெரியும். அண்ணன் ஏழு மாதம் வேலைக்கு வர முடியாமல் கிடந்தார். அந்த ஏழு மாதமும் அவர் வீட்டு அரிசிக்கும் மருந்துக்கும் நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டோம். அது எந்த நஷ்டத்தைவிடவும் பெரியது.

இன்ஷூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேங்க் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு எங்கள் எல்லோருக்கும் இப்போது இருக்கிறது. உயிர் போனால் 2 லட்சம், உறுப்பு இழந்தாலும் உண்டு. 18 வயதிலிருந்து 70 வரை சேரலாம். ஆனால் கால் முறிந்து ஏழு மாதம் கிடந்து மறுபடி சேர்ந்துவிட்டால் அதில் ஒன்றும் கிடைக்காது. எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பது அந்த இடைப்பட்ட விபத்துதான். அதற்கென்று நாங்களே ஓர் உண்டியல் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு தொகை அதில் போகும். மரம் அறுக்கும் குழு நடத்துகிறவர்கள் இதை நாளைக்கே ஆரம்பிக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அண்ணன்

அவருக்குக் கால் சேர்ந்துவிட்டது. சம்மணம் போட்டு உட்கார முடியாது, குழியில் இறங்க முடியாது, மாடிப்படி ஏறினால் வலிக்கும். வேலையை விட்டுவிடச் சொன்னார்கள் வீட்டில். அவர் விடவில்லை. விசில் இப்போது அவரிடம் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு கண்மாய்க் கரையில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாய்ந்தது. தூர் 12 அடி. ஜேசிபி அமுக்கி நிற்க, அடியறுப்பு முக்கால் பங்கு முடிந்திருந்தது. திடீரென்று விசில். மிஷின் நின்றது. ஆபரேட்டர் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, சரியாத்தானே போகுது?" என்றார். அண்ணன் பதில் சொல்லாமல் காலை இழுத்து இழுத்துத் தூரைச் சுற்றிப் பின்னால் போனார். நானும் போனேன். குழியின் ஓரத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்து, அறுந்து கிடந்த சுள்ளி வேர்களை அடுப்புக்காகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேரன், ஐந்து வயதிருக்கும். நாங்கள் சுற்றிப் பார்த்தபோது அவர்கள் அங்கே இல்லை, பிறகு வந்திருக்கிறார்கள்.

"ஆத்தா, எந்திரிங்க. வெறகு நான் கொண்டாந்து வீட்டுல போடுறேன்" என்றார் அண்ணன். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டியை முன்னால் நடக்கவிட்டு, கரை மேலேறி நின்று, திரும்பி எங்களைப் பார்த்தார். குழியை இன்னொரு தடவை எட்டிப் பார்க்கும்படி எனக்குக் கை காட்டினார். பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இரண்டாவது விசில் ஊதினார். மிஷினைப் போட்டோம்.